வீட்டு வாசலை உயர்த்தும்போது ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை நகர்த்துவது ஏன் கொத்தனார் வேலை அல்ல?

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு. தெருவில் புதிதாகச் சாலை போடும்போதெல்லாம் சாலை ஏறும், வீடு இறங்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பே பல தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை.

அதனால் மழைக்காலம் முடிந்ததும் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை மண் கொட்டி உயர்த்துவது, பேவர் பிளாக் பதிப்பது, காம்பவுண்ட் சுவரை ஏற்றிக் கட்டுவது என்று வேலைகள் தொடங்கிவிடுகின்றன. அப்போதுதான் பக்கவாட்டுச் சந்தில் தரையோடு உட்கார்ந்திருக்கும் ஏ.சி. அவுட்டோர் யூனிட் குறுக்கே வருகிறது. "இதைக் கொஞ்சம் தள்ளி வச்சா போதும் சார், நம்ம பசங்களே பார்த்துப்பாங்க" என்பார் மேஸ்திரி.

தள்ளி வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஏ.சி.யின் ஆயுள், கரன்ட் பில், வேலை செய்பவர்களின் பாதுகாப்பு, காற்று மண்டலத்தில் கலக்கும் வாயு எல்லாமே இருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஸ்ப்ளிட் ஏ.சி. பார்ப்பதற்கு இரண்டு பெட்டிகள். உண்மையில் அது மூடிய ஒரே சுற்று. அறைக்குள் இருக்கும் யூனிட், வெளியே இருக்கும் யூனிட், இரண்டையும் இணைக்கும் இரண்டு செம்புக் குழாய்கள் எல்லாவற்றுக்குள்ளும் குளிர்பதன வாயு சுற்றிச் சுற்றி ஓடுகிறது. 'கேஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அறைக்குள் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே வந்து அந்த வெப்பத்தைக் கொட்டுகிறது.

1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். அதையும் சேர்த்தால், அவுட்டோர் யூனிட் வெளியே தள்ளும் வெப்பம் ஏறக்குறைய 7 கிலோவாட். வீட்டு கெய்சர் மூன்றை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி.

எனவே யூனிட்டை நகர்த்தும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. கேஸ் வெளியே போகாமல் சுற்றைப் பிரித்து மறுபடி இணைப்பது எப்படி? இவ்வளவு வெப்பத்தையும் தடையில்லாமல் வெளியேற்றப் புது இடத்தில் வழி இருக்கிறதா?

கேஸை வெளியே விட்டால் என்ன?

குழாயைக் கழற்றும்போது 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சில நொடிகளில் முடிந்துவிடும். நிறமும் இல்லை, பெரிதாக வாசனையும் இல்லை. "கேஸ் மறுபடி அடிச்சுக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். வீட்டுக்காரருக்கு அது ஒரு கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

காற்று மண்டலத்துக்கு அது அவ்வளவு சாதாரணம் அல்ல. பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ வாயு, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 வாயுவுக்கு இந்த அளவு 1,810 மடங்கு. அது ஓசோன் படலத்தையும் அரிக்கும். இப்போது புதிதாக வரும் வீட்டு ஏ.சி.களில் பரவலாக இருக்கும் ஆர்-32-க்கு 675 மடங்கு.

1.5 டன் ஏ.சி.யில் தோராயமாக ஒரு கிலோ கேஸ் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். அந்தக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-410ஏ-வைக் காற்றில் விடுவது சுமார் 900 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் காரில் சென்னையிலிருந்து மதுரைக்கு 14, 15 முறை போய்வரலாம். ஆர்-32 என்றால் சுமார் 5 முறை. எல்லாம் அந்த 'புஸ்ஸ்ஸ்' சத்தத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கழற்றுவதற்கு முறையான வழி எது?

'பம்ப் டவுன்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் வேலைதான் இதில் முக்கியம். ஏ.சி.யைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூட வேண்டும். கேஸ் அறைப் பக்கமாகப் போக முடியாது. ஆனால் கம்ப்ரஸர் மறுபக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் கேஸ் பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும். கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு, உடனே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றிய குழாய் முனைகளையும் வால்வு முனைகளையும் உடனே மூடி வைக்க வேண்டும். சிமென்ட் தூசியும் ஈரமும் உள்ளே போனால் கம்ப்ரஸருக்கு ஆபத்து.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே என்று வீட்டிலேயே ஸ்பேனர் எடுத்துவிடக் கூடாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைத் தளர்த்தினாலோ, எங்காவது கசிவு வழியாகக் காற்றை உள்ளே இழுத்தாலோ, காற்றும் எண்ணெயும் கலந்து உயர் அழுத்தத்தில் சூடாகும். அந்த நிலையில் கம்ப்ரஸர் வெடிக்கக்கூடும். கேஜ் இல்லாமல் 'கைப்பழக்கத்தில்' பம்ப் டவுன் செய்வதும் இதே காரணத்தால்தான் ஆபத்தானது.

கம்ப்ரஸர் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் இந்த முறை வேலைக்கு ஆகாது. அப்போது ரெக்கவரி மெஷின் கொண்டுவந்து கேஸைத் தனிச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். அந்த மெஷின் எல்லா மெக்கானிக்கிடமும் இருக்காது. முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வாசலை அரை அடிதான் உயர்த்துகிறோம், யூனிட்டைக் குழாயோடு சேர்த்துத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிடலாமே என்ற யோசனையும் அடிக்கடி வரும். பின்னால் சுருட்டி விடப்பட்ட கூடுதல் குழாய் இருந்தால், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மேற்பார்வையில் சில நேரம் அது முடியும். இல்லையென்றால் செம்புக் குழாய் மடங்கி நெளிந்துவிடும், அல்லது இணைப்பில் மயிரிழைக் கசிவு உண்டாகும். இரண்டு மாதம் கழித்து, "புது வேலை செஞ்சதுல இருந்தே கூலிங் இல்ல" என்று புலம்ப நேரிடும்.

மறுபடி மாட்டும்போது எதைத் தவிர்க்கிறார்கள்?

வேக்கம் செய்வதை. அதாவது, குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுப்பது. இதற்குக் குறைந்தது 15, 20 நிமிடமாவது ஆகும். அவசரத்தில் இருப்பவர்கள், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். காற்று ஓரளவு போகும். ஈரம் போகாது.

புதிய ஏ.சி.களின் கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சக்கூடியது. ஈரமும் அந்த எண்ணெயும் சேர்ந்தால் நாளடைவில் அமிலம் உருவாகும். அது கம்ப்ரஸர் மோட்டாரின் காயில் சுற்றைக் கெடுக்கும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தம் கூடும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். இன்று மிச்சப்படுத்திய அரை மணி நேரம் இப்படித்தான் நாளை கம்ப்ரஸர் செலவாகத் திரும்பி வருகிறது.

முறையான வரிசை இதுதான்: குழாய் முனைகளைப் புதிதாக ஃபிளேர் செய்வது, நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்ப்பது, வேக்கம் பம்ப் போட்டு 500 மைக்ரான் அளவுக்குக் கீழே இறக்குவது, அது அங்கேயே நிற்கிறதா என்று கவனிப்பது, கடைசியாக வால்வைத் திறப்பது. கசிவு பார்க்க ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும்.

பம்ப் டவுன் சரியாகச் செய்து, குழாய் நீளமும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் புதிதாகக் கேஸ் அடிக்கத் தேவையே இருக்காது. குழாயை நீட்டினால் மட்டும், மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும் கணக்குப்படி எடை போட்டுச் சேர்க்க வேண்டும். 'கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக' அடிப்பது இன்வெர்ட்டர் ஏ.சி.களுக்குச் சரிப்படாது.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

அவுட்டோர் யூனிட் பொதுவாகப் பின்புறமும் ஒரு பக்கவாட்டிலும் காற்றை இழுத்து முன்புறம் சூடாகத் தள்ளும். முன்னால் சுவர் நெருக்கமாக இருந்தால் தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். யூனிட்டுக்குக் கிடைப்பது 45 டிகிரி காற்றாக இருக்கும். ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் சிக்கனம் அங்கே கிடைக்காது.

அதனால் புதிய வாசல் வடிவமைப்பில் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

● முன்புறம் குறைந்தது இரண்டு, மூன்று அடியாவது திறந்தவெளி வேண்டும். பின்புறமும் பக்கவாட்டிலும் கையேட்டில் சொன்ன இடைவெளி வேண்டும்.

● அழகுக்காக யூனிட்டைச் சுற்றிக் கட்டும் ஜாலிச் சுவர், மரச்சட்டப் பெட்டி, படரவிடும் கொடி எல்லாமே காற்றோட்டத்தைக் கெடுக்கலாம். நிழல் நல்லதுதான். ஆனால் காற்றை அடைத்துக் கிடைக்கும் நிழலால் லாபம் இல்லை.

● வெள்ளம் வரும் பகுதி என்றால் புதிய தரைமட்டத்திலிருந்தும் இரண்டடி உயரத்தில் ஸ்டாண்ட் போடுவது பாதுகாப்பு. போன வெள்ளத்தில் சுவரில் பதிந்த தண்ணீர்க் கறைதான் இதற்குச் சரியான அளவுகோல்.

● சம்ப் மூடி, மழைநீர் சேகரிப்புக் குழி, செப்டிக் டேங்க் மூடி ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழியைத் தூர்வார வழி இருக்க வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் வாயு செம்பை அரிக்கவும் செய்யும்.

● பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரமாக இருந்தால், உப்புக் காற்று நேராக மோதாத பக்கம் நல்லது.

● பேவர் பிளாக்குக்கு அடியில் செம்புக் குழாயைக் கொண்டுபோக வேண்டியிருந்தால், பி.வி.சி. குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோகலாம். மண்ணுக்கு அடியில் இணைப்பு எதுவும் வரக் கூடாது. கசிந்தால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

யூனிட்டைச் சந்திலிருந்து முதல் மாடிச் சுவருக்கு ஏற்றுவது பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. வெள்ள பயம் இல்லை, தரையிலும் இடம் மிச்சம். ஆனால் சர்வீஸ் செய்ய வருபவர் எங்கே நிற்பார் என்று யோசிக்க வேண்டும். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சன்ஷேடில் நின்று வேலை செய்யும் காட்சி எல்லா ஊரிலும் இருக்கிறது. பால்கனியிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ எட்டும் இடமாக இருந்தால் ஓர் உயிர் ஊசலாட வேண்டியதில்லை.

கட்டுமானம் நடக்கும் நாள்களில்?

யூனிட்டை நகர்த்தவில்லை என்றாலும் கவனம் தேவை. டைல்ஸ், கிரானைட் வெட்டும் தூசி அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய தகடுகளில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வேலை நடக்கும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டுத் துணியோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். ஓடவிடும் முன்பு மூடியதை எடுத்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியமானது வெல்டிங். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை. சில மாடல்களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். கேட், கிரில் வெல்டிங் நடக்கும் அதே நேரத்தில் பக்கத்தில் கேஸ் குழாயைக் கழற்றக் கூடாது. இரண்டு வேலைகளையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்வதுதான் சரி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுவது, புது இடத்தில் எர்த் இணைப்பைச் சோதிப்பது இரண்டும் எலக்ட்ரீஷியன் பொறுப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

தன் வாசலைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே யூனிட்டைத் திருப்பிவிடுவது தெருச் சண்டைக்கு அழைப்பு விடுப்பது போல. சூடு ஒருபக்கம், சத்தம் மறுபக்கம். ஒலி மாசு விதிகள் 2000-ன் படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஸ்டாண்டில் ரப்பர் புஷ் வைக்காமல் சுவரில் இறுக்கினால் அதிர்வு இரு வீட்டுக்கும் கேட்கும்.

இது ஒரு தெருவோடு முடிகிற விஷயமும் அல்ல. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2014-ல் வெளியான ஆய்வு, ஏ.சி.கள் வெளியே தள்ளும் வெப்பம் சில இடங்களில் இரவு வெப்பநிலையை 1 டிகிரிக்கு மேல் உயர்த்துவதாகக் கணக்கிட்டது. அது பாலைவன நகரம். சென்னையின் கணக்கு அப்படியே இருக்காது. ஆனால் ஆறடிச் சந்தில் இரு பக்கமும் யூனிட்கள் எதிரும் புதிருமாக ஓடினால், அந்தச் சந்தில் இரவில் நடந்து பார்த்தாலே விஷயம் புரியும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. அந்த வெக்கையை ஏ.சி. இல்லாத வீடுகள்தான் அதிகம் சுமக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

குளிர்பதன வாயுக்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டா தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் இதை ஏற்றது. அதன்படி ஆர்-410ஏ, ஆர்-32 உள்ளிட்ட ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன் வகை வாயுக்களின் பயன்பாடு 2028-ல் உச்சவரம்பில் நிறுத்தப்பட வேண்டும். 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவீதம் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆர்-22 இதற்கு முந்தைய மான்ட்ரியல் ஒப்பந்தக் கணக்கில் வருகிறது. 2030-க்குள் அது ஏறக்குறைய விடைபெற வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் உற்பத்தியையும் இறக்குமதியையும் பார்த்துப் போடப்பட்டவை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஏ.சி.யிலிருந்து கேஸ் எப்படி வெளியேறுகிறது என்பதைக் கண்காணிக்க யாரும் வருவதில்லை. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் 608-வது பிரிவின்படி, குளிர்பதன வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது குற்றம். சான்றிதழ் பெற்றவர் மட்டுமே அந்தச் சுற்றைத் திறக்கலாம். இந்தியாவில் வீட்டு ஏ.சி.யைத் தொட அப்படியொரு கட்டாய உரிமம் இல்லை. 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. பயிற்சி என்பது வாய்ப்புதான், நிபந்தனை அல்ல.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கிறாரோ அவ்வளவுதான் அவருக்கு வருமானம். வேக்கம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், ரெக்கவரி மெஷின் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு வருபவருக்கும், ஒரு ஸ்பேனரோடு வருபவருக்கும் ஒரே கூலி என்றால், முறையாக வேலை செய்பவர்தான் நஷ்டப்படுவார். பேரம் பேசிக் கூலியைக் குறைக்கும் வீட்டுக்காரர் உண்மையில் குறைப்பது அந்த அரை மணி நேர வேக்கத்தைத்தான்.

வேலைக்கு முன் கேட்க வேண்டியவை

● பம்ப் டவுன் செய்துதான் கழற்றுவீர்களா? கேஜ் இருக்கிறதா?

● மறுபடி மாட்டும்போது வேக்கம் பம்ப் கொண்டுவருவீர்களா? எத்தனை நிமிடம் போடுவீர்கள்?

● கூலி, செம்புக் குழாய், ஸ்டாண்ட், கேஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை என்ன? 'கேஸ் ஃபில்லிங் கட்டாயம்' என்று முதலிலேயே சொன்னால், ஏன் என்று கேட்கலாம்.

● உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால், வெளியாள் இடம் மாற்றுவதால் அது ரத்தாகுமா? இதை வாரன்ட்டி அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● கழற்றிய யூனிட் எத்தனை நாள் சும்மா இருக்கும்? அதை நிமிர்த்தியபடி, வால்வு மூடிகளோடு, தூசி படாத இடத்தில் வைக்க முடியுமா?

இவற்றையெல்லாம் ஜல்லி வந்து இறங்கிய பிறகு யோசித்தால் தாமதம்தான். மேஸ்திரியோடு உட்கார்ந்து தரைமட்டத்தைக் குறிக்கும் அன்றே ஏ.சி. டெக்னீஷியனையும் ஒரு முறை வரச் சொல்லி, யூனிட் எங்கே வரும், குழாய் எந்த வழியாகப் போகும், முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால், பிறகு யாரும் எதையும் 'கொஞ்சம் தள்ளி' வைக்க வேண்டியிருக்காது.